வெயிலில் எத்தனை வாட்?

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ட்ரோன் சர்வே எடுப்பது என் தொழில். வெடி வைப்பதற்கு முன் ஒருமுறையும், கல்லை அள்ளிய பிறகு ஒருமுறையும் பறக்கவிட்டு, எத்தனை கன மீட்டர் வெட்டியிருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். வெடித்துவிட்டால் பழைய முகப்பு போனது போனதுதான். மறுபடி படம் எடுக்க வழியில்லை. அதனால் படங்களை லேப்டாப்பில் குறைந்த தரத்தில் ஒரு ஓட்டு ஓட்டி, எங்காவது இடைவெளி விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவோம். சைரன் ஊதுவதற்குள் அது முடிந்தாக வேண்டும். பிராசசர் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பது அந்த அரைமணி நேரத்துக்காகத்தான்.

ரக்கட் லேப்டாப்புக்குக் கொட்டேஷன் கேட்டால் ஒரே மாடலுக்கு ஐ5 ஒரு விலை, ஐ7 ஒரு விலை என்று வரும். இன்டெலின் 13ஆம் தலைமுறையில் ஐ5-1345யூ, ஐ7-1365யூ இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 10 கோர், 12 த்ரெட், 12 எம்பி கேஷ். அடிப்படை 15 வாட், உச்சத்தில் 55 வாட் என்பதும் இரண்டுக்கும் பொது. முக்கியமாக மாறுவது உச்ச வேகம்: ஒன்றில் 4.7 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 5.2. படங்களைப் பொருத்தும் வேலை எல்லாக் கோர்களையும் ஒரே சமயத்தில் பிழியும். அப்போது அந்த உச்ச வேகம் சில நொடிகள்கூட நிற்காது. அதன்பின் வேகத்தை முடிவு செய்வது, பெட்டி எத்தனை வாட் சூட்டை வெளியே தள்ளுகிறது என்பதுதான்.

ரக்கட் பெட்டிக்குச் சங்கடமே இங்கேதான். தூசி புகக்கூடாது என்றால் காற்றும் உள்ளே போகக்கூடாது. சிலவற்றில் ஃபேனே கிடையாது. செம்புக் குழாய் வழியாகச் சூடு மெக்னீசியக் கலவை உடம்புக்கு வந்து அங்கிருந்து மெல்லக் கழிய வேண்டும். சிலவற்றில் ஃபேனைத் தனி அறைக்குள் அடைத்திருப்பார்கள். அதன் வாயில் சுண்ணாம்புத் தூசி படிந்து இறுகிவிடும். ஐபி65 என்றால் தூசி அறவே புகாது, பீச்சும் தண்ணீரையும் தாங்கும். மில்-எஸ்டிடி-810எச் என்றால் வீழ்ச்சி, அதிர்வு, வெப்பம் என்று பல சோதனைகள். இவை பெட்டி பிழைக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம். சித்திரை வெயிலில் பிராசசர் என்ன வேகத்தில் ஓடும் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. உள்ளே 100 டிகிரியை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே டெமோ பீஸ் வந்ததும் நண்பகலில் நிழல் இல்லாத இடத்தில், சார்ஜர் போடாமல் வைத்து, சினிபெஞ்ச் சோதனையை அரைமணி நேரம் விடாமல் ஓடவிடுவேன். பக்கத்தில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கும். அதில் பிராசசர் இழுக்கும் வாட்டைக் காட்டும் பேக்கேஜ் பவர் என்ற ஒரு வரிதான் எனக்குத் தேவை. முதலில் எண் துள்ளி ஏறும், அதைக் குறித்துக்கொள்வதில்லை. பிறகு படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். அது 15க்குக் கீழே என்றால் அந்தப் பெட்டியில் ஐ7 போடுவது வீண்செலவு.

28 வாட் ரகமான ஐ7-1370பி வேறு சங்கதி. 14 கோர். நல்ல ஃபேன் இருக்கும் பெட்டியில் அதற்குக் கொடுக்கும் காசு தகும். ஆனால் 60 வாட்-அவர் பேட்டரியை அந்தப் பிராசசர் ஒன்றே இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். வெயிலில் கண்ணுக்குத் தெரிய 1000 நிட் திரையும் எரிய வேண்டுமே! கழற்றி மாட்டும் இரண்டாவது பேட்டரி இல்லாமல் அதை எடுக்காதீர்கள்.

நான் ஐ5 எடுத்து, மிச்சப் பணத்தை ரேமில் போடுகிறேன். இரண்டு ஸ்டிக்காக, 32 ஜிபி. ஒரே ஸ்டிக் போட்டால் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் சாதாரண யூஹெச்டியாகச் சுருங்கிவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. கடைசிக் கணக்கை எப்படியும் ஆபீஸ் டெஸ்க்டாப்பில், என்விடியா கார்டில்தான் போடப்போகிறோம்.

ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் பிராசசர்கள் சூட்டிலும் பேட்டரியிலும் ஆசை காட்டுகின்றன. எங்கள் வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸில் பழைய மென்பொருளை எமுலேஷனில் ஓட்டலாம், டிரைவரை ஓட்ட முடியாது. டோட்டல் ஸ்டேஷன் கேபிளுக்கும் லைசென்ஸ் டாங்கிளுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டே வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் தலைமுறையை முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தையது என்றால், பெட்டி கல்லுப் போல இருந்தாலும் நான் விலை கேட்பதில்லை.