மொரீஷியஸுக்கு விசா வேணாம், ரீயூனியனுக்கு வேணும்: பாண்டி மக்களுக்கு ஒரு த்ரெட்

1/ போன வருஷம் ஓபில வழக்கமா சுகர் மாத்திரை வாங்கற ஒரு அம்மா, "சார், ரீயூனியன்ல இருக்கற அக்காவைப் பாக்கப் போறேன். ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுங்க, ஏஜென்ட் கேட்டார்"னாங்க. விசா எடுத்தாச்சான்னு கேட்டேன். "மொரீஷியஸ் வழியா போறேன், அங்க விசா வேணாமாம்"னாங்க. டிக்கெட் போட்டாச்சு.

2/ பாதி உண்மை. மொரீஷியஸ் 1968ல சுதந்திரம் வாங்கின தனி நாடு. நம்ம பாஸ்போர்ட்ல சுற்றுலா போனா முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்ல. ரிட்டர்ன் டிக்கெட், தங்குற இடம், கைச்செலவுக்குப் பணம் காட்டணும்.

3/ அங்கேருந்து முக்கால் மணி நேர ஃபிளைட்ல இருக்கற ரீயூனியன், 1946லேருந்து பிரான்ஸோட ஒரு மாவட்டம். நாமளா டிக்கெட் போட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதுன்னா விசா வேணும். விசா இல்லாம ஏர்லைன்ஸே ஏத்தாது.

4/ இன்னொரு குழி: ரீயூனியன் ஷெங்கன் பகுதியில சேராது. பாரிஸ் போக ஒரு ட்ரிப்புக்கு வாங்கின ஷெங்கன் விசா அங்க செல்லாது. ஃபிரான்ஸ்-விசாஸ் தளத்துல விண்ணப்பிக்கும்போது போற இடம் ரீயூனியன்னு சரியா குறிப்பிடுங்க.

5/ அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் விசா வேணாம்? 1962 ஆகஸ்ட் 16ல பாண்டி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு இருந்துச்சு. பெரியப்பா எழுதிக் கொடுத்தார், இவங்க அப்பா கொடுக்கல. ஒரே வீட்டுல வளந்த பிள்ளைங்களுக்கு ரெண்டு பாஸ்போர்ட். நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இந்தக் கதை உண்டு.

6/ முக்கியமான பேப்பர்கள்: திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் மூணு மாசம் செல்லுபடியாகற பாஸ்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. சொந்தக்காரங்க வீட்டுல தங்கினா, அவங்க ஊர் மேரில வாங்கித் தர்ற அழைப்புச் சான்று. அரசு ஊழியர்னா ஆபீஸ்ல என்ஓசி. ஃபிட்னஸ் சர்டிபிகேட் இந்த லிஸ்ட்லயே இல்ல!

7/ டாக்டரா என் பங்குக்கு: மாத்திரையைப் பிரிச்சு டப்பால போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. அட்டையோட, ஜெனரிக் பேர் எழுதின சீட்டோட, ஹேண்ட் பேக்ல வைங்க. இன்சுலினும் அதே பைலதான். தூக்க மாத்திரை, டிரமடால் மாதிரி வலி மாத்திரை இருந்தா கூடுதல் கவனம். மொரீஷியஸ்ல இதுக்கெல்லாம் விதி ரொம்ப கடுமை. கொசு விரட்டி அவசியம். 2005-06ல ரீயூனியன்ல மூணுல ஒருத்தருக்கு சிக்குன்குனியா வந்துச்சு.

8/ அந்த அம்மா டிக்கெட் தேதியை மாத்தினாங்க, கொஞ்சம் காசு போச்சு. அக்கா மேரிக்குப் போய் சான்று வாங்கி அனுப்பினாங்க, விசா வந்துச்சு. இப்ப அடுத்த ரிவ்யூவுக்கு அங்கேருந்து வெனிலா வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

9/ விதிகள் மாறிட்டே இருக்கும். டிக்கெட்டுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி தூதரகத் தளத்தை ஒரு தடவை பாத்துடுங்க. வீட்டுப் பெரியவங்க தனியா ஏஜென்ட்கிட்ட போனா, நீங்களும் கூடப் போங்க.