முனிவர் இல்லாத முனியறை

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடி தாண்டி மலையேறும் பேருந்து மறையூரில் நிற்கும்போது, வெல்லம் காய்ச்சும் வாசனை வரவேற்கிறது. மூணாறு நனைந்துகொண்டிருக்கும் நாளிலும் இங்கே வெயில்: அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். மாவட்டம் கேரளத்தின் இடுக்கி. கடைத்தெருவில் தமிழுக்குப் பஞ்சமில்லை.

ஊரை ஒட்டிய பாறைமேட்டில் நிற்கின்றன முனியறைகள். செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லின் கனமே கட்டுமானம்.

"முனிவருங்க தவம் பண்ணின எடம்ங்க" என்றார் கூட வந்த பெரியவர்.

"உள்ளே காலை நீட்டிப் படுக்கக்கூட முடியாதே?"

"தவம்னா உக்காந்துதானே பண்ணுவாங்க!"

மறுக்க முடியாத பதில். ஆனால் தொல்லியலாளர்களுக்கு இவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள், தமிழில் கல்திட்டை. இறந்தவரை அனுப்பும் ஐந்து முறைகளை மணிமேகலை அடுக்குகிறது. அடைத்து வைப்பது அதில் ஒன்று. எம்.ஏ. பரீட்சைக்கு நான் உருப்போட்ட பகுதி.

பல திட்டைகளில் பலகைகள் சாய்ந்து, மூடுகல் உடைந்து கிடக்கிறது. ஒன்றில் காதலர் பெயர்கள், அம்பு துளைத்த இதயத்தோடு. மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால் எனக்குச் சொல்லின் மேல்தான் சந்தேகம். முனியறை என்றால் முனிவர் காலி செய்துவிட்டுப் போன வீடு, யாரும் நுழையலாம். கல்லறை என்றால்?

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து கிடந்த மூடுகல்லில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் மெல்ல எழுந்து, தள்ளிப் போய்த் துப்பினார்.