கதைக்கு உயிரூட்டும் சின்னக் கைகள்

விடுமுறை நாள்களில் நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் கார்ட்டூன் படங்களின் முன்னே மணிக்கணக்காக அமர்ந்திருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். அப்படங்களில் ஓடுகிற முயலும் பேசுகிற கரடியும் எங்கோ ஒரு தேசத்தில் எவரோ வரைந்தவை. பிள்ளைகள் அவற்றைப் பார்ப்பவர்கள் மட்டுமே. பார்க்கும் பிள்ளைகளே அத்தகைய படமொன்றைத் தங்கள் கைகளால் செய்தால், அதுவும் தங்கள் பாட்டனும் பாட்டியும் சொன்ன கதையைக் கொண்டு செய்தால் என்ன நிகழும்? இக்கேள்விக்கு உலகின் சில மூலைகளில் பழங்குடி மக்களிடமிருந்து விடை கிடைத்திருக்கிறது.

இப்படங்கள் உருவாகும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். திரையில் அசைவதுபோல் தோன்றும் உருவம் உண்மையில் அசைவதில்லை. சிறிது சிறிதாக வேறுபடும் பல படங்கள் விரைந்து மாறுகையில் நம் கண் அவற்றை இணைத்துக்கொள்கிறது. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சிறுவர்கள் செய்யும்போது 12 படங்களே போதும். அப்படியானாலும் ஒரு நிமிடப் படத்திற்கு 720 முறை உருவத்தை நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். காகிதத்தில் வெட்டிய உருவம், களிமண் பொம்மை, கண்ணாடியின்மேல் பரப்பிய மணல் என எதைக் கொண்டும் செய்யலாம். நம் தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று.

கனடாவின் வடகோடியில் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களிடையே, அன்று கேப் டோர்செட் என்று அழைக்கப்பட்ட ஊரில், 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியம் பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்தியது. அங்கே உருவான சிறு படங்களின் தொகுப்பு 1973-ஆம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டில் கரோலின் லீஃப் என்னும் அம்மையார், வாத்தை மணந்த ஆந்தையைப் பற்றிய இனுயிட் கதையொன்றை மணலால் படமாக்கினார். அதில் ஒலிக்கும் குரல்கள் அம்மக்களுடையவை, மொழியும் அவர்களுடையதே.

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் பேராசிரியையாக இருந்த நீனா சப்னானி, ஷேர் சிங் என்னும் பீல் ஓவியருடன் இணைந்து ‘ஹம் சித்ர பனாத்தே ஹைன்’ என்னும் படத்தை உருவாக்கினார். பீல் மக்கள் ஏன் ஓவியம் தீட்டுகிறார்கள் என்பதைச் சொல்லும் அம்மக்களின் கதை அது. 2016-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. தாரா டக்ளஸ் என்னும் பெண்மணி, ஆதிவாசி ஆர்ட்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பின் வழியாக, மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் தொடங்கி நாகாலாந்து, சிக்கிம், மணிப்பூர், அருணாசலம் ஆகிய மலைநாடுகள் வரை பல மக்களின் கதைகளை அவ்வவ்விடத்துக் கலைஞர்களோடும் இளைஞர்களோடும் சேர்ந்து இவ்வாறு படமாக்கியிருக்கிறார். மழைக்காடுகள் சூழ்ந்த அருணாசலத்திலே, வாஞ்சோ என்னும் மொழிக்கு எழுத்தே இல்லாதிருந்தது. அம்மக்களுள் ஒருவரான பன்வாங் லோசு பல ஆண்டுகள் உழைத்து எழுத்துகளை உருவாக்கினார். 2019-ஆம் ஆண்டு அவை யூனிகோடில் இடம்பெற்றன. எழுத்து வரும்வரை ஒரு மொழியின் கதைகள் எங்கே வாழும்? முதியோரின் நாவிலும் சிறுவரின் செவியிலுந்தான். குரலும் சித்திரமும் சேர்ந்த படமோ எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இம்முயற்சியின் பெரும்பயன் இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

இவை தொலைதூரத்துச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். மழைக்காடு நம் பகுதியில் இல்லை. ஆயினும் பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை இருக்கிறது. அங்கு வாழும் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறிய வரலாற்றைக் கதையாகச் சொல்லி வருகிறார்கள். சமவெளியில் நம் ஊர்களை அடுத்து நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. அவர்கள் தமக்குள் பேசும் வாக்ரிபோலி மொழி, தமிழினத்தைச் சேராத, வடநாட்டு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அதற்கெனத் தனி எழுத்து வழக்கில் இல்லை. பள்ளிக்கூடத்திலே அதற்கு இடமும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், பங்கின் மாலைப் படிப்புக்கு வரும் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். பங்கு இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியைக் கொண்டுவந்தார். இரண்டு செங்கல் அடுக்குகளின்மேல் பலகை வைத்து அதன்மீது கைப்பேசியைக் கிடத்தினோம். கீழே காகித உருவங்கள். கதை யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, வகுப்பில் வாய் திறவாத நரிக்குறவச் சிறுவன் ஒருவன் தன் பாட்டியை அழைத்து வந்தான். வேட்டைக்காரரை ஏமாற்றித் தப்பிய காடையைப் பற்றி அவர் சொன்னார். பிள்ளைகள் காடையை ஓடுவதுபோல் வரைந்திருந்தனர். பாட்டி அதைப் பார்த்துத் தலையசைத்து, “காடை முதலில் ஓடாது சாமி. புல்லோடு புல்லாய்ப் படுக்கும். கால் மிதிபடும் சமயத்தில்தான் விர்ரென்று கிளம்பும்” என்றார். படுத்திருக்கும் காடையைப் புதிதாக வெட்டினோம். அந்தச் சிறு திருத்தத்தில் ஒரு வாழ்நாளின் கானறிவு அடங்கியிருந்தது.

நாற்பது விநாடிப் படத்திற்கு 480 முறை படம் எடுக்க ஆறு மாலைப் பொழுதுகள் சென்றன. குரல் கொடுக்க வேண்டிய நாளில் அச்சிறுவன் தன் தாய்மொழியிலேயே கதையைச் சொன்னான். மற்றப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, “என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு” என்று கேட்கலாயினர். அவன் சொல்லிக்கொடுக்க அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தவறாகச் சொன்னபோது அவன் சிரித்தான். தன் மொழியை மறைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, அன்று மற்றவர்க்கு ஆசிரியனாக நின்றதை என் கண்ணால் கண்டேன்.

இன்னொரு கதையும் சொல்லுமாறு பிள்ளைகள் பாட்டியைக் கேட்டார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, “அது எங்களுக்குள்ளே சொல்லிக்கொள்வது சாமி. படத்துக்கு வேண்டாம்” என்றார். கைப்பேசியை அணைத்து வைத்தோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். ஆயினும் அதுவும் ஒரு பாடமே. கதை பொதுச்சொத்து என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அதைக் காத்து வைத்திருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமை உடையவர். அவரைக் கேளாமல் படம்பிடிப்பதும், கேட்போருக்கு இனிக்கட்டும் என்று முடிவை மாற்றுவதும், சொன்னவர் பெயரை விட்டுவிட்டுத் தொகுத்தவர் பெயரை மட்டும் போடுவதும், வேலியேறிப் பிறர் தோட்டத்தில் பழம் பறிப்பதற்கு ஒப்பாகும்.

பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் உள்ள கல்மரத்தை வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். 18 மீட்டர் நீளம். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளின் தொன்மை. மரத்தின் உருவம் அங்கே காக்கப்பட்டிருக்கிறது. தளிர் மட்டும் இல்லை. கதைகளையும் அவ்வாறு கல்லாக்கிக் காக்கலாம். அறிஞர் தொகுத்து, அச்சிட்டு, நூலகத்தில் வைக்கலாம். அது வேண்டிய பணியே. ஆனால் ஒரு கதை உயிரோடிருக்கிறது என்பதற்கு அடையாளம், அதை ஒரு சிறுவன் தன் சொல்லில் இன்னொரு சிறுவனுக்குச் சொல்வதுதான்.

நம் அரியலூர்ச் சீமையே இதற்குச் சான்று. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய வீரமாமுனிவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்தவர். காப்பியம் பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். பேச்சுத் தமிழின் ஓசையைக் காதால் கேட்டுக் கற்றதனால்தான் அவரால் அதை எழுத முடிந்தது. 1822-ஆம் ஆண்டு லண்டனில் அது அச்சேறியது. ஆனால் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிய அந்தச் சீடர்கள் லண்டன் அச்சினால் நம்மிடம் வாழவில்லை. திண்ணையில் சொல்லக் கேட்டு, மீண்டும் சொல்லிச் சொல்லியே வாழ்கிறார்கள்.

பெற்றோர்களே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரைப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். படமெடுக்கக் கருவி இல்லையே என்ற கவலை வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றி ஒரு பறவையை வரைந்து, விரலால் தாள்களைச் சரசரவென்று விட்டுப் பார்த்தாலே அது சிறகடிக்கும். ஊருக்கு வெளியே வாழும் பிள்ளைகளையும் அந்தத் திண்ணைக்கு அழைத்து, அவர்கள் மொழியில் கதை சொல்லச் சொல்லுங்கள். புரியவில்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது.