ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்

பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தை நெருங்கும்போது விடிந்துவிடும். வலதுபக்க ஜன்னலில் மலை வந்து சேர்ந்துகொள்ளும். சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் என்று தென்காசியில் இறங்கும்வரை அது கூடவே வரும். ஜூலை மாதமானால் மலையின் தலை மேகத்துக்குள் இருக்கும். குற்றாலத்தில் சாரல். பள்ளிச் சந்திப்பை இந்த மாதத்தில் வைத்தால்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று எங்கள் வகுப்புப் பையன்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களைப் பையன்கள் என்றுதான் சொல்ல வருகிறது.

நாங்கள் 1988-இல் பிளஸ் டூ முடித்தவர்கள். தென்காசிக்குப் பக்கத்து ஊரில், ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த அரசுப் பள்ளி. அப்போது இந்தத் தடம் மீட்டர் கேஜ். 2004-இல்தான் அகலப்பாதை ஆனது. தென்காசியில் இறங்கியதும் கண்ணில் படும் காசி விஸ்வநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரமும் எங்களுக்குப் பின்னால் வந்ததுதான். 1990-இல்தான் குடமுழுக்கு. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊரே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறித்தான் தெரிகிறது.

குற்றாலத்தில் ஒரு மண்டபம். வாசலில் பிளக்ஸ் பேனர். அதில் எங்கள் குரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஆசிரியர்கள் நாற்காலியில், பெண்கள் தரையில் சம்மணமிட்டு, பையன்கள் பின்னால் பெஞ்சில் ஏறி நிற்கிறார்கள். பெயர்கள் இல்லை. அந்தப் படத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தது. பெண்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கவில்லை. வீட்டில் கேட்கவே பயம். அன்றைக்கு மண்டபத்து வாசலில்தான் சிலர் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். ஒருத்தி தன் முகத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பக்கத்தில் நின்றவளை, "ஏட்டி, நான் எங்கட்டி இருக்கேன்?" என்று கேட்டாள்.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் பள்ளி முடித்தபோது வாங்கிய இயர்புக்கைப் பார்த்திருக்கிறேன். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே முழுப்பெயர், ஓரங்களில் தோழிகளின் கையெழுத்து. அங்கே பழைய மாணவர் சந்திப்புகளில் சட்டையில் குத்திக்கொள்ளும் பெயரட்டையில் அந்தப் பள்ளிப் படத்தையே அச்சடிப்பார்களாம். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் சேர்ப்பார்களாம். ஆக, முகமும் பெயரும் மாறி ஆளை அடையாளம் தெரியாமல் போகும் சங்கடம் நமக்கு மட்டும் உரியதில்லை.

நமக்கு இயர்புக் இல்லை, ஆட்டோகிராப் நோட்டு இருந்தது. ரோஸ், மஞ்சள், இளம்பச்சைத் தாள்கள். பிரியக்கூடாது, மறக்கக்கூடாது என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதினோம். அந்த வாசகங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் இருக்கும் முகவரிதான் விஷயம். பையன்கள் எழுதிய முகவரிகளில் பாதி இன்றைக்கும் செல்லும். வீடு இடித்துக் கட்டியிருக்கலாம், ஆள் துபாயில் இருக்கலாம், ஆனால் கதவைத் தட்டினால் தம்பியோ மதினியோ நம்பர் தருவார்கள். பெண்கள் எழுதியது அப்பாவின் வீட்டு முகவரி. அடுத்த சில வருடங்களில் ஒவ்வொருத்தியும் அங்கிருந்து போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு அந்த வீட்டில் இருப்பவருக்கு அவள் நம்பர் தெரிந்தாலும், யாரோ ஒரு ஆண் வந்து கேட்டால் தரமாட்டார்.

அதனால்தான் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்த ஒரு வாரத்தில் பையன்கள் அநேகமாக எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். பெண்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது அப்பா பெயர். வாக்காளர் பட்டியலில் இருப்பது கணவர் பெயர். இரண்டுக்கும் நடுவே பாலம் கிடையாது. முன்னெழுத்தும் மாறியிருக்கும், ஊரும் மாறியிருக்கும். ஃபேஸ்புக்கில் தேடினால் பூ படமோ பேரன் படமோ இருக்கும். பள்ளி நினைவைச் சொல்லும் சினிமாக்களும் உண்டு. 'ஆட்டோகிராப்' 2004-இல் வந்தது, '96' 2018-இல். இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள்தான். இரண்டிலும் நினைத்துக்கொண்டே அலைகிறவன் ஆண். அவன் அலைவதை ஊர் ரசிக்கும். பள்ளிக்கூடத்துப் பையனைத் தேடிக் கிளம்பும் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

பெண்களான எங்களைத் தேடிக் கண்டுபிடித்தது கடையநல்லூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி. பள்ளியில் கடைசி பெஞ்சு. இன்றும் பீடி சுற்றுகிறாள். இந்த வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் இல்லாத தெரு குறைவு. கடையில் இலையும் தூளும் நிறுத்துத் தருவார்கள். வீட்டில் இலையை நனைத்து, வெட்டி, சொளவை மடியில் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கட்டுகளாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கம்பெனி பாஸ்புக் உண்டு, பி.எஃப். உண்டு. கல்யாணத்துக்கு முன்பே சுற்ற ஆரம்பித்தவர்களுக்குப் பழைய பெயர் கணக்கில் அப்படியே இருக்குமாம். அவள் தன் கடைக் கணக்கரிடம் கேட்டாள். அவர் பக்கத்து ஊர்க் கடையில் கேட்டார். எந்த ஊர்க்காரி எங்கே வாழப் போனாள் என்பது கட்டு கொடுக்க வரிசையில் நிற்கும் பெண்களுக்கு மனப்பாடம். பையன்களுக்கு மாதக்கணக்கில் பிடிபடாத பெயர்களை அவள் பத்துப் பன்னிரண்டு நாளில் கொண்டுவந்து குழுவில் போட்டாள். என்ஜினீயரும் வங்கி மேலாளரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள்.

சந்திப்பில் வழக்கமானவை எல்லாம் நடந்தன. டீச்சர்களுக்குப் பொன்னாடை, ஷீல்டு, பிரியாணி. பையன்கள் தங்களுக்குள் ஐந்து நிமிடத்தில் "ஏல"வுக்கு இறங்கிவிட்டார்கள். எங்களிடம் மட்டும் கடைசிவரை "நீங்க". வகுப்பில் இரண்டு வருடமும் பேசாதவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்? மதியத்துக்கு மேல் அவர்கள் துண்டோடு ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். பெண்கள் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். பேச்சு சூடு பிடித்ததே அப்போதுதான்.

கண்டுபிடித்த பெண்களிலேயே பாதிப் பேர் ஏன் வரவில்லை என்று கடையநல்லூர்க்காரியிடம் கேட்டேன்.

"நீங்க ஞாயித்துக்கிழமை வச்சா எப்படிட்டி வருவாளுக? அன்னைக்குத்தான் அவுக வீட்டுல இருப்பாக, பிள்ளைக இருக்கும், மருமகன் வருவாரு. கறி எடுத்திருப்பாக. யாரு வைக்க? புதன்கிழமை மத்தியானம் வைங்க. ஒரு மணிக்கு வந்துட்டு நாலு மணிக்குப் போயிருவோம், வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

அருவியிலிருந்து திரும்பியவர்களிடம் இதைச் சொன்னோம். வார நாளில் லீவு கிடைக்காது என்றார் ஒருவர். பெங்களூரிலிருந்து எப்படி வருவது என்றார் இன்னொருவர். அடுத்த சந்திப்பை எந்தக் கிழமை வைப்பது என்று குழுவில் இன்றுவரை வாக்கெடுப்பு ஓடுகிறது. ஞாயிறு முன்னணியில் இருக்கிறது. நான் புதனுக்குப் போட்டிருக்கிறேன். கடையநல்லூர்க்காரி எதற்கும் போடவில்லை. புதன்கிழமை வருகிறவர்கள் பட்டியலைத் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.