தங்கத்துக்கு என்ன வயசு?

திருமகள் வந்து நின்ற ஊர் என்பதால் திருநின்றவூர் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், கோலார் தங்கவயலில் பாதி ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தங்கம் என்று இருப்பது கல்யாண மோதிரம் மட்டும்தான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தோண்டியிருந்தார்கள். அந்த ஆழத்தில் பாறையே சுடும். வேலை போனதும் குடும்பத்தோடு ரயிலேறி வந்தவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்ச்மேன் ஆனார். "தங்கம் தீர்ந்துபோய் மூடலை. கட்டுப்படியாகலைன்னு மூடினாங்க" என்று இன்றைக்கும் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது.

பேத்தி கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறாள். ஒருநாள் டி.வி-யில் கீழடி பற்றிய நிகழ்ச்சி ஓடியபோது தாத்தா கேட்டார்: "கரித்துண்டை வெச்சு வயசு சொல்றாங்களே, எங்க தங்கத்துக்கும் அப்படிச் சொல்ல முடியுமா கண்ணு?"

"அது கார்பன் தாத்தா. உயிரோட இருந்த பொருளுக்குத்தான் சரிவரும். அதுவும் ஐம்பதாயிரம் வருஷம் தாண்டினா, அளக்க ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப தங்கத்துக்குள்ள?"

அங்கேதான் சிக்கல். இயற்கையில் கிடைக்கும் தங்கம் ஒரே வகை அணு; அது சிதைவதில்லை. சிதையாத பொருளில் கடிகாரம் ஓடாது. எனவே, தங்கத்தோடு கூடப் பிறந்தவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் பாறை வெடிப்புகள் வழியாக மேலேறி வந்தபோது, அதில் கரைந்திருந்த தங்கம் வெள்ளைக் குவார்ட்ஸோடு படிந்தது. அதே நீரில் சில இடங்களில் மோனசைட்டும் பிறந்தது. நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே கனிமம்தான். அது உருவாகும்போதே யுரேனியத்தையும் தோரியத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய சேர்ப்பதே இல்லை. யுரேனியம்-238-ல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆக, இன்று அந்தத் துகளுக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், நீர் பாய்ந்த காலம் தெரிந்துவிடும்.

கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் இன்றும் தங்கம் எடுக்கும் ஹட்டி சுரங்கத்தில் இதைச் செய்தார்கள். ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வுக் கழகத்தினரும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட கணக்கு, சுமார் 255 கோடி ஆண்டுகள். அவ்வளவு காலத்தில் யுரேனியம்-238-ல் மூன்றில் ஒரு பங்கு ஈயமாகியிருக்கும். தங்கம் இருக்கும் எரிமலைப் பாறையோ அதைவிடச் சில கோடி ஆண்டுகள் மூத்தது. வீட்டின் வயது வேறு, குடிவந்தவரின் வயது வேறு என்பதுபோல.

கோலாரை ஒட்டிய நெய்ஸ் பாறைகளிலும் சிர்கான் படிகங்களை அளந்து, 253 முதல் 263 கோடி ஆண்டுகள் என்று கண்டிருக்கிறார்கள். இது பாறையின் வயதுதான். தங்கத்தின் வயது அல்ல. இந்த வித்தியாசத்தைத் தாத்தாவுக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

"வயசு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? இன்னும் இருக்கான்னு சொல்லுமா?"

"நேரா சொல்லாது தாத்தா. ஆனா அந்தத் தண்ணி ஓடினதுக்கு அப்புறம் பிறந்த பாறையில அந்தத் தங்கத்தைத் தேடி வேலையில்லை. எங்கே துளை போடக் கூடாதுன்னு தெரிஞ்சாலே, எவ்வளவோ பணம் மிச்சம்."

அவர் எழுந்துபோய் ஷோகேஸிலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை எடுத்துவந்தார். கடைசி நாள் ஷிஃப்டில் பையில் போட்டுக்கொண்டு வந்தது.

"இதுல அந்தக் கடிகாரம் இருக்குமா?"

"இருக்கலாம். தலைமுடியைவிடச் சின்னதா இருக்கும். உடைச்சு, மெல்லிசா தேய்ச்சு, மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் தெரியும்."

தாத்தா கல்லை வேட்டி நுனியால் துடைத்தார். "உடைக்க வேணாம்மா" என்று சொல்லி, திரும்ப ஷோகேஸிலேயே வைத்துவிட்டார்.