வில்லன் சொன்ன நிஜம்

'ஸ்பெக்டர்மேன்' பார்த்திருக்கிறீர்களா? 1971-ல் ஜப்பான் டி.வி-யில் வந்த சூப்பர்ஹீரோ தொடர். ஏற்காட்டில் ஒரு மழை நாளில், விடுதி அறையில் மகனோடு யூ-டியூபில் பார்த்தேன்.

வில்லன் டாக்டர் கோரி, சொந்தக் கிரகத்திலிருந்து துரத்தப்பட்ட குரங்கு விஞ்ஞானி. இத்தனை அழகான பூமியை மனிதர்கள் நாசமாக்குகிறார்களே என்று அவனுக்குக் கோபம். அந்தக் கழிவிலிருந்தே ராட்சதர்களை உருவாக்கி, பூமியைப் பிடுங்கப் பார்க்கிறான். தொடருக்கு முதலில் வைத்ததே அவன் பெயர்தான்!

"கோரி சொல்றது கரெக்ட்தானேப்பா?"

"சொல்றது சரி. செய்யறதுதான்டா தப்பு."

"நீ காலைல கொண்டை ஊசி வளைவுல வாட்டர் பாட்டிலை வீசினியே?"

பி.காம். படித்தவன் நான். கணக்கு நேராகவே இல்லை. கோரிக்காவது கோபம். எனக்கு வெறும் சோம்பேறித்தனம்.

மறுநாள் இறங்கும்போது அந்த வளைவில் வண்டியை நிறுத்தினேன். ஏழெட்டு பாட்டில்கள் கிடந்தன. என்னுடையது எதுவென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கினேன்.