கிரவுன் ஒழுகிய நாட்கள்

கந்தகமும் பழைய எண்ணெயும் கலந்த அந்த வாடை லாரிப் பட்டறை எதையாவது கடக்கும்போது மூக்கில் ஏறினால், இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடும். 90 நம்பர் கியர் ஆயில். லாரியின் பின் அச்சில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துச் சுழலும்போது பற்கள் உருள்வது மட்டுமல்ல, உரசி வழுக்கவும் செய்யும். 10 டன் பாரம் அந்தப் பற்களை நம்பித்தான் நகர்கிறது. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும் என்பதால் கந்தகம் சேர்ந்த மருந்தைக் கலக்கிறார்கள். வாடைக்குக் காரணம் அதுதான். எனக்கோ அது பள்ளிக்கூட விடுமுறையின் வாடை.

எண்பதுகளின் சங்ககிரியில் வளர்ந்த பையன்களுக்கு லாரி இல்லாத நாளே கிடையாது. கிணறு வற்றி, நிலத்தை நம்ப முடியாமல் வண்டிக்கு மாறிய குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு அப்போது 47 என்று எண், இப்போது 544. அதன் ஓரத்தில், புளியமரத்தடியில், ஓலைக் கொட்டகை போட்ட மேஸ்திரியின் பட்டறை இருந்தது. எண்ணெய் குடித்துக் குடித்து அதன் தரை கருங்கல் போல இறுகிக் கிடக்கும். அப்பாவின் வண்டி, கை மாறி வந்த பழைய வண்டி, மாதம் தவறாமல் அங்கே வந்து நிற்கும். நானும் கூடவே நிற்பேன்.

அந்த வருஷம் வண்டி நின்ற இடத்திலெல்லாம் பின்பக்கம் ஈரம். வெளியூர்ப் பட்டறையில் பினியன் ஆயில் சீலை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு லோடு அடித்துத் திரும்புவதற்குள் மறுபடி ஒழுகியது. அப்பா ராத்திரியில் தூங்கவில்லை. எண்ணெய் இறங்கி கிரவுன் தீய்ந்துபோனால், புது செட் வாங்குவதற்கு எத்தனை நடை வாடகை போகும் என்று அவருக்குத் தெரியும்.

மேஸ்திரியின் பட்டறைக்கு வந்ததும் எங்கள் வண்டியின் கிளீனர் அண்ணன் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் புகப் போனார். மேஸ்திரி தடுத்தார். "வெளிய வா. எங்கிருந்து வருதுன்னே தெரியாம எதைக் கழட்டப் போறே?"

சொட்டை விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார், மோந்தார், என் மூக்கிலும் காட்டினார். இன்ஜின் ஆயிலாக இருந்தால் கறுத்துக் கருகல் வாடை அடிக்கும். முன்னால் கசிந்தாலும் ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் கொண்டுவந்து அப்பிவிடும். அதனால் ஈரம் இருக்கிற இடத்தையே ஒழுக்கு என்று நம்பக் கூடாது. பிரேக் ஆயில் என்றால் தண்ணியாக இருக்கும், பட்ட இடத்தில் பெயிண்டைத் தின்றுவிடும். இது கியர் ஆயில்தான். ஆனால் எந்த வாய்?

பின் அச்சின் ஹவுசிங் முழுவதையும் டீசலில் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவைத்தார். பிறகு சாக்பீஸை நுணுக்கி அந்த மாவைச் சுற்றிலும் அப்பினார். "லோடோட வைகுந்தம் வரைக்கும் போயிட்டு வாங்க. சூடேறுனாத்தான் அது உண்மையச் சொல்லும்."

திரும்பி வந்தபோது வெள்ளை மாவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, பினியன் பிளேஞ்சுக்கு அடியிலிருந்து. சீல்தான் என்று எல்லோரும் எழுந்தோம். மேஸ்திரி எழவில்லை. மல்லாந்து படுத்தபடியே ஹவுசிங்கின் மேல்முதுகில் கையை விட்டுத் தடவினார். அங்கே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மூடி, பிரீதர். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக அடித்த பெயிண்ட், சேற்றோடு சேர்ந்து, அதன் துளையை அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. ஸ்பேனர் வைத்து அரைச் சுற்று திருப்பினார். புஸ்ஸென்று காற்று வெளியேறிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஓடுனா உள்ள சூடாவும், காத்து பெருக்கும். போறதுக்கு வழியில்லாட்டி அது எங்கியாச்சும் வழி பண்ணிக்குமல்ல அப்புனு?"

காற்று பண்ணிக்கொண்ட வழிதான் சீலின் உதடு. எத்தனை சீல் மாற்றியிருந்தாலும் அது நின்றிருக்காது.

அதற்குப் பிறகுதான் கழற்றினார். பினியன் நட்டில் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்திவைத்தார், திரும்ப இறுக்கும்போது பழைய இடத்திலேயே நிற்பதற்காக. பிளேஞ்சில் சீல் உரசும் இடத்தின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினார். நகம் பள்ளத்தில் மாட்டினால் பிளேஞ்சையே பார்க்க வேண்டும், சீல் மாற்றிப் பிரயோஜனமில்லை. மாட்டவில்லை. புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தை எண்ணெய்ப் பக்கம் பார்க்க வைத்து, மரக்கட்டை கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி உட்காரவைத்தார். அவர் தொழில் பழகிய காலத்தில் தோல் சீலாம். எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் மாட்டுவார்களாம். கடைசியாக, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, லெவல் துளை வழியும் வரை ஆயில். அதற்கு மேல் ஊற்றினாலும் ஒழுகும் என்றார்.

பினியன் ஒழுக்கில் இவ்வளவு நிதானம் காட்டிய மனிதர், சக்கரத்தின் ஹப் சீல் ஒழுகினால் வேறு ஆளாகிவிடுவார். அந்த எண்ணெய் போய்ச் சேரும் இடம் பிரேக் டிரம். லைனிங் ஒருமுறை எண்ணெய் குடித்துவிட்டால் எதில் கழுவினாலும் பழைய பிடிப்பு வராது, தூக்கிப் போட வேண்டியதுதான். வாடகைக்கு நேரமாகிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சிய முதலாளிகளிடம் "தொப்பூர் எறக்கத்துல அத நெனச்சுக்கிட்டு எறங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, கழற்றிய சக்கரத்தை மாட்ட மறுப்பார். சண்டை போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. அவருடைய பிடிவாதத்தால் எத்தனை டிரைவர்கள் வீடு வந்து சேர்ந்தார்களோ, அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

மேஸ்திரி போய்விட்டார். சாலையை அகலப்படுத்தியபோது புளியமரமும் கொட்டகையும் போயின. இப்போதைய வண்டிகள் அந்த அளவுக்கு ஒழுகுவதில்லை. டிரைவருக்கு அது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கோளாறு என்றால் மொத்தமாகக் கழற்றி வேறொன்றை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். முதலாளி, டிரைவர், கிளீனர், ஒரு பொடியன் என எல்லோரும் ஒரு சொட்டு எண்ணெயைச் சுற்றி அரைநாள் குந்தியிருந்து, அது எங்கே பிறக்கிறது என்று பார்த்த அந்தப் பகல்களுக்காகத்தான் மனசு ஏங்குகிறது.

அன்றைய கிளீனர் அண்ணனுக்கு இப்போது நாமக்கல்லில் சொந்த வண்டிகள் ஓடுகின்றன. எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்கும் அன்று அவரே வண்டிக்கடியில் படுத்து, பிரீதரில் துணி சுற்றிக் கட்டிய பிறகுதான் ஸ்பிரே கன்னை எடுக்க விடுவார். பெயிண்டர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை.